மத்தியானத் தும்பி

எங்கள் சேரின் கைக்கடிகாரம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தோற்பட்டி வியர்வையில் ஊறிக் கறுத்துப்போன பழைய கடிகாரம். மற்றவர்களைப்போல மணிக்கட்டின் மேலே கட்டமாட்டார். உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருக்கும்போதே ஒரு சாய்ந்த பார்வையில் நேரம் தெரிந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். கிழக்கு வெளுக்கும்போது நாங்கள் வேலைத்தளத்தில் நிற்கவேண்டும். வெயில் உறைக்கத் தொடங்கியதும் அந்தக் கையை ஒருமுறை பார்ப்பார். "சரி, கட்டுவம்" என்பார். அதோடு அன்றைய வேலை முடிந்தது. பாணும் பருப்பும் கட்டைச்சம்பலும் காத்திருக்கும் இடத்துக்கு வாகனம் திரும்பிவிடும். எத்தனை வருடமாக இதே சொல், இதே நேரம். அந்தக் கடிகாரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சேர் இப்போது இல்லை. மாரடைப்பு. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். அவரோடு வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதவேண்டுமாம். எனக்கு ஒதுக்கிய தலைப்பு, "சேரின் நேரந்தவறாமை." தொலைபேசியில் கேட்டவன் எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த தம்பி. "அக்கா, நீங்கதானே அவரோட கனகாலம் திரிஞ்சனீங்க, உங்கள விட்டா வேற ஆர் எழுதுறது" என்றான். எழுதுகிறேன், ஆனால் ஒரு எழுத்தும் வெட்டக்கூடாது என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான். சிரிக்கட்டும். நேரந்தவறாமை பற்றித்தான் எழுதப்போகிறேன். கொடுத்த தலைப்பை விட்டு ஓரடிகூட விலகமாட்டேன்.

சேர் கெட்டவரில்லை. கெட்டவர் என்றால் ஒரு வரியில் திட்டித் தீர்த்துவிட்டு என் பாட்டில் இருந்திருப்பேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் குடியேறியவர். ஒரு நிலத்தில் விடுதியோ இறால் பண்ணையோ வருவதற்கு முன்னால், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் அவர் எங்களுக்குத் தலைவராக இருந்தார். பறவைகளில் மன்னன். புதருக்குள் இருக்கும் குருவியைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார். பெண்பிள்ளைக்குக் காட்டு வேலை எதற்கு என்று நிறுவனத்தில் சிலர் முணுமுணுத்தபோது, "அந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கு, உங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டு வாயை அடைத்தவரும் அவர்தான். குரலை உயர்த்தியே பேசமாட்டார். சோற்றுப் பார்சலில் மீன்துண்டு பெரிதாக விழுந்தால் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். இப்படியான மனிதரிடம் கோபப்படுவது லேசான வேலையில்லை. கத்தினால் நாம்தான் விசர் பிடித்தவர்போலத் தெரிவோம். நான் கத்தினேன். அப்படித்தான் தெரிந்தேன்.

எங்கள் வேலையில் பறவை, பாம்பு, வண்ணத்துப்பூச்சி, தும்பி என்று எல்லாவற்றையும் பார்த்துப் பதியவேண்டும். ஆனால் வேலைமுறையை எழுதியவர் பறவைக்காரர். ஆகவே புத்தளம் மாவட்டத்து உயிர்கள் எல்லாமே பறவையின் நேரத்துக்கு எழும்பவேண்டியிருந்தது. தும்பி அப்படி எழும்பாது. விடியற்காலையில் பனியில் நனைந்து, கோரைத் தண்டைக் கட்டிப்பிடித்தபடி உயிரில்லாததுபோலத் தொங்கும். வெயில் பட்டு உடம்பு காயவேண்டும், சூடேறவேண்டும், அதன் பிறகுதான் இறக்கை அசையும். ஆண்தும்பிகள் தண்ணீரோரத்தில் ஆளுக்கொரு தண்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனை எல்லாம் விரட்டிச் சண்டை பிடிப்பது உச்சிவெயிலில். தும்பி பார்க்கிறவர்கள் அந்த நேரத்தில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்கவேண்டும். சேருக்கு இது தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். நன்றாகத் தெரியும். "தும்பியப் பாத்து ஆர் பிள்ளை அனுமதி குடுக்கிறது, மறிக்கிறது? வெயிலுக்க நிண்டு மண்டையக் காயவிடாதையும்" என்பார். அக்கறையாகத்தான் சொல்வார்.

அந்த வேலை ஒருமுறை என் ஊருக்கே வந்தது. கற்பிட்டிப் பக்கம், கண்டக்குழி. கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், மாரி மழை விழுந்தால் நிரம்பிவிடும். சுற்றிவரத் தாழை, உள்ளே கோரை. நாங்கள் தாழைமடு என்போம். வெளியூர் ஆட்களுக்கு அது கொசு பெருகும் குட்டை. கொழும்பிலிருந்து ஒருவர் அந்தத் துண்டை வாங்கியிருந்தார். கச்சான் காற்றுக்குப் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு விடுதி கட்டப்போகிறார். மடுவை மூடினால்தான் அறைகளுக்கும் வாகனங்களுக்கும் இடம் காணும். அந்த மடுவுக்குப் பின்னால் கடற்றொழில் செய்கிற சில குடும்பங்களின் வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று அம்மாவின் வீடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர்க் களப்பு, நடுவில் மணல். அந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் நிற்பதே மழையை இந்த மடு பிடித்து மெல்ல மெல்லக் கீழே விடுவதால்தான். மடு போனால் எங்கள் கிணறுகளுக்குள் உவர் ஏறும். இதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானம் படிக்கத் தேவையில்லை. மழை பொய்த்து மடு வற்றிய வருடங்களில் கிணற்றுத் தண்ணீர் கரித்ததை நாங்கள் குடித்தே அறிந்திருக்கிறோம்.

ஊர்ப் பெண்கள் இதை ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார்கள். பதிந்துகொண்டோம் என்றார்கள். அவ்வளவுதான். சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று சேர்தான் எனக்கு விளக்கினார். கிணறு உவர்க்கும் என்பது ஊராரின் பயம், பயத்துக்கு எடையில்லை. ஆனால் அழியும் அபாயப் பட்டியலில் உள்ள ஓர் உயிர் அங்கே இருப்பதாக நிபுணர் கையெழுத்திட்டால், அனுமதி கொடுக்கும் அரசாங்கக் கந்தோர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து விசாரிக்கவேண்டும். மனிதர் குடிக்கிற தண்ணீருக்கு நிற்காத மண் லொறி, பட்டியலில் பெயருள்ள ஒரு பூச்சிக்கு நிற்கும். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் உலைமூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஆக்கள் குடிக்கிறம் எண்டு சொன்னா எழுதமாட்டானுகள், தும்பி குடிக்குதெண்டு சொன்னா எழுதுவானுகளா?" என்று கேட்டாள். ஓம், எழுதுவார்கள் என்றேன். "அப்ப போய் ஒரு தும்பியக் கண்டுபிடிச்சிட்டு வா" என்றாள்.

அளவை நாட்களில் நாங்கள் வழக்கம்போல இருட்டோடு போனோம். சேர் மணல்மேட்டில் நின்று தொலைநோக்கியால் மடுவை ஒரு சுற்றுப் பார்த்தார். பறவைக்காரர்கள் தூரத்தைப் பார்த்துப் பழகியவர்கள். தும்பியோ கிட்டப் போய், குந்தியிருந்து பார்க்கவேண்டிய சாமான். கோரையில் சில சிறிய மஞ்சள் தும்பிகள் பனியோடு தொங்கின. "வயல்தும்பி" என்று அங்கிருந்தே சொல்லிப் பதியச் செய்தார். வயல்தும்பி எங்கள் பக்கத்தில் இல்லாத இடமில்லை. முந்தலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் காலடியிலும் பறக்கும். எனக்கு அந்த மஞ்சளில் சந்தேகம் இருந்தது. இளம் ஆண்தும்பிகள் பல இனங்களில் மஞ்சளாகத்தான் இருக்கும், பெண்ணும் அப்படியே, முற்றிய பிறகுதான் ஆணின் உண்மையான நிறம் ஏறும். மஞ்சளை வைத்துக்கொண்டு இன்ன தும்பி என்று அடித்துச் சொல்வது, பிள்ளையின் பால்பல்லைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல. முற்றிய ஆணைக் காணவேண்டும், அது வெயிலேறித்தான் தண்ணீருக்கு வரும், கொஞ்சம் நிற்போம் சேர் என்றேன். அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கட்டுவோம் என்றார்.

அளவையின் கடைசி நாள், மற்றவர்கள் வாகனத்தில் ஏற, நான் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி நின்றுவிட்டேன். பொய்யில்லை, அம்மா சோறு வைத்திருந்தாள். ஆனால் நேரே மடுவுக்குப் போனேன். வெயில் ஏற ஏற அந்த இடமே வேறு இடமாகியது. காலையில் செத்ததுபோலக் கிடந்த கோரைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழும்பின. சிவப்பு, நீலம், இறக்கையில் புள்ளி போட்டது என்று எனக்குப் பழக்கமானவைதான். முழங்காலளவு தண்ணீரில் நின்றேன். கால்களுக்கிடையில் மீன்குஞ்சு கடித்தது. கண்ணுக்குள் வியர்வை. அப்போதுதான் ஒரு வளைந்த கோரை நுனியில் அது வந்து இருந்தது. வயல்தும்பியைவிடக் கொஞ்சம் தடித்த உடம்பு. கறுப்பு என்று சொல்லலாம், ஆனால் கறுப்புமில்லை. நாவற்பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல் பூச்சுப்போல ஒரு ஊதா. நான் மூச்சுவிட்டதும் பறந்தது. ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே நுனிக்கு வந்தது. வந்து, வாலை மேலே தூக்கிக்கொண்டு, இந்த இடம் என்னுடையது என்ற மாதிரி இருந்தது.

பதறாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன். முதலில் இருந்த இடத்திலிருந்தே படங்கள் எடுத்தேன், பிறகு ஓரடி வைத்து, மறுபடி. முதுகிலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால்நுனிக் கொடுக்கு தெரியும்படி ஒன்று. படம் மட்டும் போதாது. வலையைத் தண்ணீர் மட்டத்தோடு பிடித்துக்கொண்டு, அது வட்டமடித்துத் திரும்பும் வழியில் காத்திருந்து, பின்னாலிருந்து வீசினேன். இறக்கை நான்கையும் முதுகுக்கு மேலே சேர்த்து இரண்டு விரலால் பிடித்தால் தும்பிக்கு நோகாது. கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பின்னிறக்கையின் அடியில், உடம்போடு சேரும் இடத்தில், கடுகளவு ஒரு கரும் பொட்டு. வயல்தும்பிக்கு அந்தப் பொட்டு இல்லை. அதன் இறக்கை அடிவரை வெறும் கண்ணாடிதான். மற்றப் பக்கத்து இறக்கையையும் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. படிப்பிலும் படத்திலும் மட்டுமே பார்த்திருந்த, அபாயப் பட்டியலில் பெயருள்ள இனம். என் அம்மாவின் கிணற்றுக்கு எதிரில், என் விரலுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் முழங்கால்வரை நனைந்து, கையைக் கண்ணிலே ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "தும்பி பிடிக்கிற வயசா பிள்ள உனக்கு? சோறு ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சு" என்றாள். இதுதான் அந்தத் தும்பி என்றேன். கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, ஏதோ கைக்குழந்தையை வாங்கப் போகிறவள்போலச் சேலைத்தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் கொடுக்கவில்லை. கடதாசியை முக்கோணமாக மடித்த உறையொன்றில் அதை வைத்து, சட்டைப்பையில் போடாமல், உறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சேர் தங்கியிருந்த அறைக்கு நடந்தேன். சோறு சாப்பிடவில்லை. அன்றைக்கு இருந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சேர் மேசையில் இருந்து அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தார். பின்னேரத்துக்குள் அதை அனுப்பவேண்டும். உறையை மெல்லத் திறந்து, என்னைப்போலவே இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அவரே பின்னிறக்கையின் அடியைத் தேடிப் போனார். தேடவேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. நெடுநேரம் பார்த்தார். "ஓம் பிள்ளை, அதேதான்" என்றார். அவருடைய முகத்தில் உண்மையான சந்தோசம். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு, "பாவம், களைச்சுப்போச்சு" என்று சொல்லி யன்னலுக்கு வெளியே கையை நீட்டி அதைப் பறக்கவிட்டார். நல்ல மனசு.

"அப்ப அறிக்கையில ஒரு வரி சேர்ப்பம் சேர்" என்றேன்.

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "எத்தினை மணிக்குக் கண்டனீர்?"

மத்தியானம் என்றேன்.

"எங்கட முறையில மத்தியானம் இல்லையே பிள்ளை. விடியத் துவங்கி வெயில் ஏறமுந்தி எண்டுதான் எழுதிக் குடுத்திருக்கிறம். அந்த நேரத்துக்கு வெளியில கண்டதைச் சேர்த்தா, முறையே பிழை எண்டு வரும். பிறகு திரும்ப அளக்கவேணும், தவணை கேக்கவேணும். நான் ஒருநாளும் பிந்திக் குடுத்ததில்லை."

முறையை எழுதியது நீங்கள்தானே, ஒரு வரி மாற்றினால் போதாதா என்று கேட்டேன். முதலில் மெதுவாகத்தான் கேட்டேன். பிறகு என் குரல் ஏறியது. மடு போனால் எங்கள் கிணறு போய்விடும் சேர், அம்மா இருக்கிறாள் சேர், அந்த வீடுகளில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள் சேர் என்றெல்லாம் சொன்னேன். விஞ்ஞானம் படித்தவள் இப்படிக் கெஞ்சக்கூடாது என்று எனக்கே தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தும்பி பறக்கிற சீவன் பிள்ளை. எலுவன்குளத்துப் பக்கம் போனா அங்கயும் இருக்கும்" என்றார். தும்பி பறந்துபோகும் சேர், அம்மாவின் கிணறு எங்கே பறக்கும் என்று கேட்டேன். அதற்கு அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு அவர் நேரம்தான் பார்த்தார். அறிக்கை குறித்த நேரத்துக்குப் போனது. தாழைமடுவில் வயல்தும்பி இருப்பதாகப் போனது.

நான் சும்மா இருக்கவில்லை. படங்களோடு அனுமதி கொடுக்கும் கந்தோருக்கு எழுதினேன். அறிக்கையில் கையெழுத்திட்ட நிபுணரே உறுதிப்படுத்தவேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் படங்களையும் தூக்கிக்கொண்டு புத்தளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்தார். சேர் என்னைப் பிழை என்று ஒருபோதும் சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை. "நான் வச்ச கையெழுத்தை நானே பிழை எண்டு சொன்னா, இவ்வளவு நாளும் எழுதின எல்லாத்தையும் கிண்டத் துவங்குவினம். எல்லாம் விடியக்காலமை அளந்ததுதானே" என்றார். அதுதான் உண்மையான காரணம். ஒரு மடுவை ஒப்புக்கொண்டால் எத்தனை மடுவுக்குப் பதில் சொல்லவேண்டிவரும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த நிமிடத்தில் அழுகைகூட வரவில்லை. படங்களை மேசையிலேயே விட்டு, தேத்தண்ணீரைத் தொடாமல் எழும்பி வந்தேன். அந்த வேலையையும் விட்டேன். இப்போது முந்தலில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

அடுத்த மாரிக்கு முன் கிரவல் மண் லொறிகள் வந்தன. தாழையை வேரோடு புரட்டினார்கள். சிவப்புக் கிரவலைக் கொட்டி, உருளை ஓட்டி, வாகனங்கள் நிறுத்தத் தோதாக நிலத்தை மட்டமாக்கிவிட்டார்கள். மழை வந்தபோது தண்ணீர் நிற்க இடமில்லாமல் ரோட்டால் ஓடிக் களப்பில் விழுந்தது. அம்மாவின் கிணறு உடனே மாறவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பாளாம். இன்றைக்குப் பரவாயில்லை, இன்றைக்குக் கொஞ்சம் கரிக்கிற மாதிரி, இல்லை என் நாக்குத்தான் பிழை என்று தன்னோடு தானே கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடையோடு அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. பருப்பு வேகவில்லை. சவர்க்காரம் நுரைக்கவில்லை. வாசலில் நின்ற முருங்கை பட்டுப்போனது. இப்போது குடிக்கவும் சமைக்கவும் பௌசர் லொறியில் தண்ணீர் வருகிறது, வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. என்னோடு முந்தலுக்கு வரச்சொல்லிக் கேட்டுக் களைத்துவிட்டேன். கட்டியவன் கடலில் போன இடம், அதைவிட்டு வரமாட்டேன் என்கிறாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம், சேர் வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார். மெலிந்திருந்தார். கையில் ஒரு சஞ்சிகை. கதிரையில் இருக்கமுதலே அதை விரித்துக் காட்டினார். இயற்கை ஆராய்ச்சிக்காரர்கள் வாசிக்கிற சஞ்சிகை அது. அதில் சின்னதாக ஒரு குறிப்பு: கண்டக்குழிக் கரையோரத்து நன்னீர் மடுவொன்றில் இன்ன தும்பி காணப்பட்டது. பக்கத்தில் நான் எடுத்த படம், கோரை நுனியில் வாலைத் தூக்கிக்கொண்டு. கண்ட நேரம் நண்பகல் என்று தெளிவாக எழுதியிருந்தது. இடைக்காலத்தில் வாழிடம் அழிந்துவிட்டது என்று கடைசியில் ஒரு வரி. எழுதியவர்கள் இரண்டு பேர். முதற்பெயர் என்னுடையது, அடுத்தது அவருடையது.

"உம்மட பேரைத்தான் பிள்ளை முதல்ல போடுவிச்சனான்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. என் பெயரைத் திருடியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கள்ளன் என்று சொல்லி வாசலைக் காட்டியிருப்பேன். அந்த மனிதர் எனக்கு உரியதை முழுதாக, நேர்மையாகக் கொண்டுவந்து கையில் தருகிறார். எனக்கோ உடம்பெல்லாம் எரிகிறது. பெயரா கேட்டேன் நான்? விஞ்ஞானிகள் வாசிக்கிற இடத்தில் மத்தியானத்துக்குக் கணக்கிருக்கிறது, அம்மாவின் மடுவுக்குத்தான் அது இல்லாமல் போனதா? கையெழுத்து வைக்க வராத விரல், எல்லாம் முடிந்த பிறகு குறிப்பு எழுத எங்கிருந்து வந்தது? இதையெல்லாம் அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. சஞ்சிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். அந்தத் தும்பி இங்கே இருந்தது உண்மைதான் என்று சேர் எழுதியிருக்கிறார் என்றேன். "அடக்கம் முடிஞ்சாப்பிறகா சாட்சி சொல்ல வந்தவர்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் தேத்தண்ணீர் குடிக்காமல் போனதில்லை. கடன்காரன் வந்தாலும் கேத்தில் அடுப்பில் ஏறும். அன்றைக்கு அம்மா கேத்திலைத் தொடவில்லை. குசினிக் கதவால் பின்னால் இறங்கி, கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. ஒரு பெரிய கண்ணாடிக் கிளாஸ் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் சேருக்கு நீட்டினாள். "வெயிலுக்க வந்திருக்கிறீங்க சேர், குடிங்க" என்றாள்.

சேர் வாங்கினார். முதல் மிடறு உள்ளே போனதும் அவருடைய தொண்டை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. மெல்ல மெல்ல முழுவதையும் குடித்து, கிளாஸை மேசையில் சத்தம் வராமல் வைத்தார். "நல்லாயிருக்கு அம்மா, போதும்" என்றார். பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, புத்தளம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

இவ்வளவையும் எழுதி, மலர்க்காரருக்கு அனுப்புமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்ட தலைப்பை நான் மீறவில்லை. அவர் ஒருநாளும் பிந்தவில்லை. கையில் எடுத்துப் பார்த்தபோது இனத்தை அடையாளம் கண்டதிலும் அவர் பிழைவிடவில்லை. பூதக்கண்ணாடியால் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்திருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம். செத்தவரைப் பற்றி இப்படியும் எழுதலாமா என்று அம்மா கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசலில் வாளிகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்த இடம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"அந்த மனுசன் உவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவாரெண்டுதான் நான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள். "சொல்லியிருந்தா அண்டைக்கே மன்னிச்சிருப்பன்."

ரோட்டில் பௌசரின் சத்தம் கேட்டது. அம்மா இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனாள்.